உடைந்த கிராங்க்கேஸை வீட்டிலேயே வார்க்கலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அப்பா ஓட்டிய பழைய யெஸ்டி 250 பைக். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறும்போது செயின் அறுந்து, முன் பல்சக்கரத்தில் சுருண்டு, கிராங்க்கேஸின் ஒரு பாதியை உடைத்துவிட்டது. அந்தப் பாதி மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. வீட்டுக் கொட்டகையில் அலுமினியம் உருக்கி நானே வார்க்கலாம் என்று இருக்கிறேன். முடியுமா சார்?"

முடியும். கிராங்க்கேஸ் என்பது என்ஜினின் அடியில் கிராங்க் தண்டைத் தாங்கும் இரண்டு பாதி உறை. ஆனால் நீங்கள் கஷ்டம் என்று நினைக்கும் உருக்கும் வேலை இதில் பாதிகூட இல்லை. பேரிங் உட்காரும் துளைகள் நேராக அமைவதில்தான் கிராங்க்கேஸின் உயிரே இருக்கிறது. அதற்கு முன் ஒன்று: உடைந்த துண்டுகள் கையில் இருந்தால் வார்ப்பை மறந்துவிட்டு ஆர்கான் வெல்டிங்கைப் பாருங்கள். பல்சக்கரத்தை ஒட்டிய சுவர் மட்டும் போயிருந்தால் அதுவே போதும். பழைய வார்ப்பு பல வருட ஆயிலைக் குடித்திருக்கும். டீசலில் கழுவி, சூடாக்கி, கசிவதைத் துடைத்து, மறுபடி சூடாக்க வேண்டும். கீறலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டு, கீறலை 'வி' வடிவில் அரவி, 4043 என்ற அலுமினிய வெல்டிங் கம்பியால் நிரப்பச் சொல்லுங்கள். இரண்டு பாதிகளையும் போல்ட் போட்டு இறுக்கி, பேரிங் இடத்தில் பழைய பேரிங்கையே செருகி வைத்துப் பற்றவைக்க வேண்டும். தனியாகப் பற்றவைத்தால் பாதி முறுக்கிக்கொள்ளும்.

பேரிங் துளையே பிளந்திருந்தால் புது வார்ப்புதான். உடைந்ததையே புட்டி வைத்து ஒட்டி அச்சாக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். உறைந்து ஆறும்போது அலுமினியம் ஏறக்குறைய 1.3 சதவீதம் சுருங்கும். 300 மி.மீ. நீளத்துக்கு 4 மி.மீ. குறைந்துவிட்டால் எந்த போல்ட் துளையும் பொருந்தாது. அந்தச் சுருக்கத்தைச் சேர்த்து, கடையும் முகங்களில் 3 மி.மீ. கூட்டி, மணலில் பதித்த பின் வெளியே எடுக்க வசதியாகப் பக்கங்களுக்கு லேசான சரிவு கொடுத்து மரத்தில் மாதிரி செய்ய வேண்டும். எஸ்டேட் சில்வர் ஓக் பலகை மலிவாகக் கிடைத்தாலும், நன்றாகக் காய்ந்த தேக்கை எடுங்கள். செய்த அன்றே இரண்டு கோட்டு வார்னிஷ் அடித்துவிடுங்கள். நம் ஊர் மூடுபனியில் வெறும் மரம் ஒரே வாரத்தில் அளவு மாறிவிடும்.

வீட்டில் செய்யத் தகுந்த வேலை இந்த மர மாதிரியைச் செய்வதுதான். உருக்குவதைக் கீழே கோவையில் ஒரு அலுமினிய பவுண்டரியிடம் விடுங்கள் என்பேன். காரணம் ஈரம். உருகிய அலுமினியம் ஈரத்திலுள்ள ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும், உறையும்போது அதைக் குட்டிக் குமிழிகளாக உள்ளே விட்டுவிடும். வெளியே பளபளவென்று இருக்கும் வார்ப்பைக் கடைந்தால் ஊசி குத்தியது போல் துளைகள் தெரியும். காற்று துளியும் கசியக் கூடாத டூ-ஸ்ட்ரோக் கிராங்க்கேஸுக்கு அது ஆகவே ஆகாது.

ஆபத்தும் அதே ஈரம்தான். ஒரு கார்த்திகை மாதக் காலையில், பட்டறை மூலையில் சாய்த்து வைத்திருந்த கரண்டியைச் சூடேற்றாமல், அலுமினியம் உருகிக்கொண்டிருந்த மூசைக்குள் விட்டேன். கண்ணுக்குத் தெரியாத பனிதான் அதில் இருந்தது. 'டப்' என்ற ஒரே சத்தம். தோல் கையுறையில் மூன்று இடங்களில் அலுமினியம் ஒட்டிக்கொண்டு புகைந்தது. முகக்கவசம் மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். சிமெண்ட் தரையில் சிந்தினாலும் இதே கதைதான். தரைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிச் சிமெண்டைச் சிதறடிக்கும். கீழே காய்ந்த மணல் பரப்பு இல்லாமல் யாரும் உருக்கக் கூடாது.

பவுண்டரியில் எல்எம்25 என்ற வார்ப்பு அலுமினியக் கலவையைக் கேளுங்கள். கையில் கிடைத்த ஸ்கிராப்பைக் கலக்க விடாதீர்கள். பழைய கார்புரேட்டரில் பெரும்பாலும் துத்தநாகம் இருக்கும், அது சேர்ந்தால் வார்ப்பு சூட்டிலேயே வெடிப்பு விடும். வார்ப்புக்கு வலுவேற்றும் டி6 சூடேற்றமும் அங்கேயே செய்து வாங்குங்கள். 540 டிகிரியை ஒட்டிப் பல மணி நேரம் பிடித்து, வெந்நீரில் முக்கி, பிறகு 160 டிகிரி அளவில் மறுபடி பல மணி நேரம் வைக்க வேண்டும். முதல் கட்டத்தில் இன்னும் 15 டிகிரி கூடினாலே உள்ளே உருகத் தொடங்கிவிடும் என்பதால் வீட்டு உலை இதற்குச் சரிப்படாது.

அப்புறம் போரிங், அதாவது துளைகளை அளவாகக் குடைவது. உங்களிடம் நல்ல பாதி ஒன்று இருக்கிறதே, அதுதான் அளவுகோல். இணையும் முகத்தைச் சமப்படுத்தி, இரு பாதியும் விலகாமல் பிடிக்கும் டவல் பின் போட்டு, இரண்டையும் இறுக்குங்கள். போரிங் மெஷினில், நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் டயல் கேஜை நல்ல பாதியின் பேரிங் துளைக்குள் சுற்றவிட்டு, முள் அசையாத வரை மையம் பிடியுங்கள். ஜாபைக் கழற்றாமல், திருப்பாமல், அதே பிடியிலேயே புதுப் பாதியைக் குடைய வேண்டும். சிலிண்டர் உட்காரும் முகம் கிராங்க் அச்சுக்கு இணையாக இருக்கிறதா என்பதையும் அதே பிடியிலேயே பாருங்கள். சாய்ந்திருந்தால் பிஸ்டன் ஒரு பக்கமாகத் தேயும்.

துளையைப் பேரிங் அளவுக்கே குடைந்துவிடாதீர்கள். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 62 மி.மீ. பேரிங் என்றால், என்ஜின் 80 டிகிரி சூடு ஏறும்போது துளை பேரிங்கைவிட 0.05 மி.மீ. அதிகமாக விரிந்திருக்கும். குளிரில் கனகச்சிதமாக உட்கார்ந்த பேரிங், கொடநாடு ஏற்றத்தில் உள்ளேயே சுழலத் தொடங்கும். அதனால் துளை அந்த 0.05 மி.மீ. அளவுக்காவது சிறியதாக இருக்கட்டும். மாட்டும்போது கிராங்க்கேஸை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் பேரிங் தானாக இறங்கும். சுத்தியல் எடுக்காதீர்கள்.

என்ஜின் எண் உடைந்த பாதியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்களாகப் புதியதில் அடிக்கக் கூடாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. வேலை தொடங்குமுன்பே ஊட்டி ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உடைந்த பாதியைப் பத்திரமாக வையுங்கள்.

பூட்டியதும் உடனே கிக் அடிக்காதீர்கள். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்து, ஸ்பார்க் பிளக் துளை வழியாக 6 பிஎஸ்ஐ மட்டும் காற்று ஏற்றுங்கள், கேஜ் வைத்த சைக்கிள் பம்பு போதும். அதற்கு மேல் போனால் ஆயில் சீல் பிதுங்கும். முள் ஐந்தாறு நிமிடம் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் புது வார்ப்பு முழுக்கத் தடவிக் குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டையோடு ஓட்டினால் வெளிக்காற்று புகுந்து கலவை மெலிந்து, முதல் நீண்ட ஏற்றத்திலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.