கிச்சன் கலராகவும் களையாகவும் வேண்டும், ஆனால் சில வருஷத்தில் பழசாகத் தெரியக் கூடாது. எப்படித் தேர்வு செய்வது?

கேள்வியில் உள்ள விவரம்: பழைய வண்ணாரப்பேட்டையில் சொந்த வீடு, தரைத்தளம். கிச்சன் 8 அடிக்கு 7 அடி, எல் வடிவ மேடை. எல்லோர் வீட்டிலும் இருக்கிற வெள்ளை-சாம்பல் மாடுலர் வேண்டாம். நல்ல நிறம் வேண்டும், ஆனால் அஞ்சாறு வருஷத்தில் "அந்தக் காலத்து டிசைன்" ஆகிவிடுமோ என்ற பயம்.

நிறத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரு ஷட்டர் (அலமாரிக் கதவு) ஓரம் உப்பி, அதன்மேல் ஒட்டிய அதே மைக்காவை, அதாவது லேமினேட் தாளைத் தேடிப் போனால் "அந்த நம்பர் வருவதில்லை" என்று கடையில் சொல்லி, கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்றை ஒட்டி வைக்கிறோமே, அன்றைக்குத்தான் கிச்சனுக்கு வயதாகிறது. லேமினேட் கம்பெனிகள் கேட்டலாக்கை மாற்றிக்கொண்டே இருப்பவை. அதனால் ஒவ்வொரு பொருளிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: பத்து வருஷம் கழித்து இதே நிறம், இதே அளவு கடையில் கிடைக்குமா, இல்லையென்றால் பெயின்டரை வைத்து மறுபடி பூசிக்கொள்ள முடியுமா? இரண்டுக்கும் "இல்லை" என்றால் அதை விட்டுவிடுங்கள். கப்பும் திராட்சைக் கொத்தும் போட்ட ஹைலைட்டர் டைல்ஸ், இரண்டு கலரில் அலை வெட்டிய ஷட்டர், பூப் படம் அச்சடித்த கண்ணாடி எல்லாம் இப்படித்தான் வழக்கொழிந்தன. இப்போது ஓடும் கோடு கோடான ஃப்ளூட்டட் பேனலுக்கும் அதே கதிதான். அடுப்புப் பக்கம் அந்தக் கோட்டுக்குள் எண்ணெய்ப் பிசுக்கு இறங்கிவிட்டால் பிரஷ் போட்டாலும் வராது.

முதலில் கிச்சனின் உடம்பு, அதாவது ஷட்டர் மாட்டும் அலமாரிக் கூடு. தரைத்தள வீட்டுக்கு மேடைக்குக் கீழே பிளைவுட் பெட்டி வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் தாழ்வான தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. அப்படித் தண்ணீரில் ஊறிய பிளை பெட்டி காய்ந்தபின் பழைய வடிவத்துக்கு வராது. நம் ஊர்ப் பழைய முறையே சரி: செங்கல் சுவர் அல்லது கடப்பா கல்லால் தடுப்பும் தட்டும், மேலே கிரானைட். கறுப்புக் கிரானைட் எந்த நிறத்தோடும் போகும். மஞ்சள் கறை தெரியாது, புளி எலுமிச்சையும் அரிக்காது. கடப்பா சுண்ணாம்புக் கல். புளிப்பு பட்டால் வெளுத்து அரிக்கும், அதனால் தடுப்புக்கும் தட்டுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மேடை மேல் வேண்டாம்.

கடப்பாவில் ஷட்டர் மாட்டும்போதுதான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. கல்லின் விளிம்பில் நேராக டிரில் போட்டால் ஏடு ஏடாகப் பெயரும். ஆசாரியிடம் மரச் சட்டம் தனியாகச் செய்யச் சொல்லி, அதைப் பக்கச் சுவரிலும் கீழ்த் திண்டிலும் பிளக் போட்டு முடுக்கச் சொல்லுங்கள். கல்லில் ஸ்க்ரூ ஏற வேண்டாம். ஷட்டர் அந்தச் சட்டத்தில் தொங்கும். நாளைக்கு ஷட்டர் கெட்டாலும், நிறம் அலுத்தாலும், கழற்றுவது ஷட்டரை மட்டும். கல் அப்படியே இருக்கும்.

ஷட்டருக்கு என் பரிந்துரை மைக்கா கிடையாது, பெயின்ட். சாட்டின் எனாமல், அதாவது அதிகம் பளபளக்காத எனாமல். காரணம் மேலே சொன்னதுதான்: கீறினால், உரிந்தால், அலுத்தால், மறுபடி அடிக்கலாம். பலகை 18 அல்லது 19 மிமீ பிளை, ஐஎஸ் 710 முத்திரை உள்ளது. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் பசை விடக் கூடாது என்பது அந்தத் தரத்துக்கான சோதனை. முத்திரை மேல் சந்தேகம் இருந்தால் கடையில் ஒரு துண்டு வாங்கி வந்து வீட்டில் நாலைந்து மணி நேரம் கொதிக்க விடுங்கள். தரமில்லாத பிளை அதற்குள்ளேயே அடுக்குப் பிரியும். எம்டிஎஃப்பில் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பெயின்ட் வழவழவென்று உட்காரும் என்பது உண்மைதான், ஆனால் சிங்க் பக்கத்தில் ஊதிவிடும்.

பிளையின் நாலு விளிம்பிலும் தேக்குப் பட்டை 6 முதல் 8 மிமீ ஒட்ட வேண்டும். அடுக்குத் தெரியும் விளிம்பில் நேராகப் பெயின்ட் அடித்தால் அது உறிஞ்சிக்கொண்டே போகும், முனையும் சில்லு சில்லாக உடையும். பிறகு வுட் பிரைமர், மெல்லிய லப்பம், 180 உப்புத்தாள், இன்னொரு கை பிரைமர், 320 உப்புத்தாள், அதன்மேல் சாட்டின் இரண்டு கை. இதில் பெயின்டர்கள் வழக்கமாக விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. மாட்டிய ஷட்டருக்குக் கீழே கைக்கண்ணாடியை நீட்டிப் பாருங்கள்: அடி விளிம்பு பூச்சே இல்லாத வெறும் மரமாகவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று தூரிகை போயிருக்காது. தரை கழுவும் தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான். உப்பல் தொடங்குவதும் அங்கிருந்துதான். அதனால் ஷட்டரை மாட்டும் முன், கிடத்திவைத்து ஆறு பக்கமும் அடிக்கச் சொல்லுங்கள். உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே எண்ணிக்கையில் கோட்டிங் போக வேண்டும். வெளியே நாலு கை, உள்ளே ஒரு கை என்றால் இரண்டு பக்கமும் ஈரத்தை வேறு வேறு அளவில் இழுக்கும், ஷட்டர் வில்லாக வளையும்.

பெயின்ட் ஒரு நாளில் தொட்டால் ஒட்டாது, ஆனால் உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும். அதற்கு முன் மாட்டி அடைத்தால் சட்டத்தோடு ஒட்டி, திறக்கும்போது தோலாக உரியும். உங்கள் மேடைக்கு முன்பக்கம் சுமார் 11 அடி ஷட்டர் வரும். இரண்டு பக்கமும் சேர்த்து 50 சதுர அடிக்கு மேல். ஒரு லிட்டர் இழுத்துப் பிடித்தால்தான் வரும். 2 லிட்டரை ஒரே தடவையில் நிறம் கலந்து வாங்கிவிடுங்கள், ஏனென்றால் அதே ஷேட் நம்பர் சொல்லி இரண்டாம் முறை கலந்தால் ஒரு பிசிறு வித்தியாசம் வரும். மீதியில் ஒரு சிறு கண்ணாடிப் பாட்டில் நிறைய ஊற்றி இறுக மூடி, டின் மேல் ஒட்டியிருக்கும் ஷேட் நம்பரையும் அதிலேயே ஒட்டிவையுங்கள்.

சரி, எந்த நிறம்? நூறு வருஷமாக நம் தெருக்களில் நிற்கும் நிறங்களைப் பாருங்கள். பாரிமுனை உயர் நீதிமன்றக் கட்டடம் 1892-ல் திறந்தது, அந்தச் செங்கல் சிவப்பு இன்னும் கண்ணுக்கு இதம். பழைய வீட்டுத் திண்ணைகளின் காவித் தரை அதே குடும்பம். இரண்டிலும் நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. வெயிலுக்கும் சிமென்ட், சுண்ணாம்பின் காரத்துக்கும் அது அசையாது. காவிச் சிவப்பு, மண் மஞ்சள், அடர் பழுப்பு எல்லாம் இந்த வகை. இவற்றோடு பாட்டில் பச்சையையும் இண்டிகோ நீலத்தையும் துணிந்து சேர்க்கலாம், கறுப்புக் கிரானைட்டுக்குக் கீழே இரண்டும் அருமையாக உட்காரும். பளீர் ஆரஞ்சு, மெஜந்தா மாதிரி நிறங்கள் ஜன்னல் வெயில் படும் இடத்தில் மற்றவற்றைவிட முன்னால் வெளுக்கும். சாதாரண எண்ணெய் எனாமலில் வெள்ளையும் வேண்டாம். வெளிச்சம் குறைந்த கிச்சனில் அது தானாகவே மஞ்சளடிக்கும். வெள்ளைதான் வேண்டும் என்றால் வாட்டர் பேஸ்டு எனாமல் வாங்குங்கள்.

இந்த அளவு கிச்சனுக்கு ஒரு அடர் நிறம் போதும், அதுவும் மேடைக்குக் கீழே. டைல்ஸ் இன்னொரு நிறம். மேல் அலமாரியும் சுவரும் அடங்கி இருக்கட்டும். பாட்டில் பச்சை ஷட்டர், மண் மஞ்சள் டைல்ஸ், கறுப்புக் கல், சந்தன நிறச் சுவர் என்று வைத்துப் பாருங்கள். நாலாவதாக வரும் நிறங்களைப் பாத்திரமும் அஞ்சறைப் பெட்டியும் பார்த்துக்கொள்ளும்.

கலர் கார்டின் தபால்தலை அளவுச் சதுரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெரிய பரப்பில் எந்த நிறமும் இன்னும் அழுத்தமாகத் தெரியும். 2 அடிக்கு 2 அடி பிளைத் துண்டில் இரண்டு கை அடித்து, மேடைக்குக் கீழே சாய்த்து வைத்து, காலை, மதியம், ராத்திரி விளக்குப் போட்டு மூன்று வேளையும் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிய வீடுகளில் கிச்சனுக்குப் பகலிலும் டியூப்லைட்தான். 6500 கெல்வின் நீல வெள்ளை விளக்கில் காவிச் சிவப்பு செத்துப்போன பழுப்பாகவும், மஞ்சள் பச்சை கலந்ததாகவும் தெரியும். 4000 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90-க்கு மேல் உள்ள எல்இடி போடுங்கள். பல வீடுகளில் கெட்டுப்போனது விளக்குதான், பழி மட்டும் பெயின்ட் மேல் விழுகிறது.

மேடைக்குப் பின்சுவருக்கு ஒரே நிறப் பளபளப்பு செராமிக் டைல்ஸ், படம் எதுவும் இல்லாமல், 4-க்கு 4 அல்லது 3-க்கு 6 இன்ச். சூளையில் சுட்ட கிளேஸ் என்பதால் நிறம் போகாது, அளவும் எப்போதும் புழங்கும் அளவு. உங்கள் கணக்கு: 15 அடி நீளம், 2 அடி உயரம், 30 சதுர அடி. 4-க்கு 4 என்றால் சதுர அடிக்கு 9 வீதம் 270, வெட்டுச் சேதம் 10 சதவீதம் சேர்த்து சுமார் 300. இன்னும் 25 வாங்கிப் பரணில் போட்டுவையுங்கள், பெட்டியின் ஷேட் நம்பரோடு. எல்லாப் பெட்டியிலும் அந்த நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். சிமென்ட் பாலில் ஒட்டுவதானால் டைல்ஸை முன்கூட்டியே ஊற வைக்க வேண்டும், இல்லையென்றால் சிமென்டின் தண்ணீரை அது குடித்துவிடும், பிடிப்பு வராது. டைல் பசையில் ஒட்டினால் ஊற வைக்கத் தேவையில்லை. டைல்ஸுக்கு நடுவே 2 மிமீ ஸ்பேசர், அந்த இடைவெளியை அடைக்க அடுப்புச் சுவரில் எபாக்ஸி கிரவுட் (கறை குடிக்காத பிசின் கலவை). சாதா வெள்ளைக் கிரவுட் ஒரு வறுவலுக்கே மஞ்சளைக் குடித்துவிடும். கிரவுட்டின் நிறத்தை டைல்ஸைவிட ஒரு பிடி அடர்த்தியாக எடுங்கள். ஸ்விட்ச் பாக்ஸை டைல்ஸ் வரிசை பார்த்துப் புதையுங்கள், கோடு பாதியில் வெட்டுப்பட்டால் எவ்வளவு நல்ல நிறமும் அரைகுறையாகத்தான் தெரியும்.

கோலம் மாதிரி டிசைன் ஆசை இருந்தால் அதைத் தரையில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடி டைல்ஸ் அதற்கென்றே பிறந்தது. கண்ணாடிப் பலகை மேல் கலர் சிமென்ட் ஊற்றிக் கையால் செய்வது, சூளை கிடையாது, தண்ணீரில் ஊறி இறுகுவது. நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். ஆனால் சிமென்ட் என்பதால் புளிப்புக்கு ஆகாது: அடுப்புச் சுவருக்கும் மேடைக்கும் வேண்டாம். தடிமனான டைல்ஸ், அடிக்கலவையோடு சேர்த்துத் தரை மட்டம் ஏறும், கதவின் அடியைச் சீவ வேண்டி வரும். இதை முதலிலேயே அளந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே காவித் தரை இருந்தால் தயவுசெய்து அதன்மேல் விட்ரிஃபைடு போட்டு மூடாதீர்கள். மயிரிழை விரிசல் அதன் சுபாவம். நன்றாகக் கழுவிக் காயவிட்டு, தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகத் தேய்த்துத் துடைத்தாலே நிறம் எழும்பும். புதிதாகக் காவி போடுவதானால் ஆக்சைடு, சிமென்டின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சிவப்பு ஏறட்டும் என்று அள்ளிப் போட்டால் மேல்பூச்சு பொடியும்.

உப்புக் காற்று மேலே சொன்ன அத்தனையையும் சோதிக்கும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் சாதாரண ஹிஞ்ச் சீக்கிரமே துருப்பிடித்து ஷட்டரில் பழுப்புக் கோடு இறக்கும். 304 ஸ்டீல் கேளுங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பது உதவாது, மலிவான 202 ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. ஒரு சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் சோதனைக் கிட் கடைக்காரரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹிஞ்ச் 35 மிமீ கப் உள்ளதாக இருக்கட்டும், பெரும்பாலான பிராண்டுக்கு அதுவே பொது. கைப்பிடிக்கு இரண்டு துளை இடைவெளி 96 மிமீ வையுங்கள். பத்து வருஷம் கழித்துப் பித்தளை அலுத்தால் அதே துளையில் வேறு மாட்டலாம், கிச்சனின் முகமே மாறும். கைப்பிடி இல்லாத ஜி புரொஃபைலில் அந்த வாய்ப்பே கிடையாது, குழியில் மாவும் எண்ணெயும் சேரும்.

பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் ஓதத்தைப் பாருங்கள். உப்புப் பூத்த சுவரில் எனாமலோ பிளாஸ்டிக் எமல்ஷனோ அடித்தால் ஈரம் உள்ளே மாட்டி, பெயின்டை அப்பளமாகத் தள்ளிவிடும். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு வாஷில் மண் மஞ்சள் கலந்து அடிப்பதே நிற்கும்.

வேலை வரிசை: கல், டைல்ஸ், கிரவுட், சுவர், கடைசியில் ஷட்டர். ஐப்பசி, கார்த்திகை மழையில் எனாமல் அடிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், ஈரக் காற்றில் காயாமல் பிசுபிசுவென்று நிற்கும். கொத்தனார் வேலையை மழைக்கு முன் முடித்து, பெயின்டரைப் பொங்கல் கழித்து வரச் சொல்லுங்கள்.