அலை என்றால் காற்று எங்கே?

கேள்வி: என் பெண் ஏழாம் வகுப்பு. லபுபு பொம்மை வேண்டும் என்று ஒரு மாதமாக அடம். என் கணவர், "இது ஒரு அலை, தானாக ஓய்ந்துவிடும், விடு" என்கிறார். வாங்கித் தருவதா, ஓயும்வரை காத்திருப்பதா? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: பொம்மைக்கு அப்புறம் வருகிறேன் சகோதரி. உங்கள் வீட்டுக்காரர் சொன்ன 'அலை' என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டே எழுத்துதான், ஆனால் தமிழில் இவ்வளவு வேலை செய்கிற சொல் குறைவு. கடலில் இருந்தால் பெயர்ச்சொல், தெருவில் இறங்கினால் வினைச்சொல். வேலை தேடி அலைகிறான் என்றால் பாவம். பணத்துக்கு அலைகிறான் என்றால் திட்டு. "ஏண்டா இப்படி அலையறே, இலை போடட்டும்" என்று பந்தியில் அம்மா தொடையில் கிள்ளினால் அது மூன்றாவது பொருள். ரேஷன் கார்டில் ஒரு எழுத்தைத் திருத்த நாலு தடவை போய்விட்டு வந்தால் அலைச்சல், அந்த நாலு தடவையும் "நாளைக்கு வாங்க" என்று அனுப்பினால் அலைக்கழிப்பு. ஆசையும் அலைச்சலும் அலைக்கழிப்பும் ஒரே வேரில் கிடக்கின்றன பாருங்கள், ஒரு மோகத்தின் முழுக் கதையும் அதிலேயே இருக்கிறது.

இந்த இடத்தில் அலைபேசியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பழைய வாசகர்களுக்கு இந்தச் சண்டை தெரியும். தஞ்சாவூரிலிருந்து ஒரு தமிழாசிரியர் பத்து வருஷமாக 'அலைபேசி' என்று எழுதி அனுப்புகிறார், நான் பத்து வருஷமாகக் 'கைபேசி' என்று திருத்தி அச்சிடுகிறேன். வானொலியும் அலையில்தான் வருகிறது, வீட்டு வைஃபையும் அலைதான், அப்படியிருக்க இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் அலைப்பட்டம்? கையில் இருக்கிறது, பேசுகிறோம், கைபேசி. ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு மனுஷனை ஒரு வீடியோவிலிருந்து இன்னொரு வீடியோவுக்கு அது அலையவிடுகிறதே, அந்தப் பொருளில் என்றால் ஆசிரியரோடு இன்றைக்கே கைகுலுக்கிவிடுவேன். எஃப்.எம். ரேடியோவுக்கு வைத்த பண்பலை இன்னொன்று. அதிர்வெண் பண்பேற்றத்தைச் சுருக்கிச் செய்த அழகான சொல். அந்தப் பண்பு அலையின் தன்மையைக் குறிப்பது, நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பண்பு அல்ல. பண்பலையில் பண்பாகப் பேசவில்லை என்று புகார்க் கடிதம் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'அலை' என்று நாம் சொல்லும்போது, அது யாரும் செய்யாமல் தானாக வந்த மாதிரி ஒரு தொனி வந்துவிடுகிறது. இதில் அரசியல்வாதிகள் கெட்டிக்காரர்கள். ஜெயித்தால் எங்கள் உழைப்பு, தோற்றால் எதிர்ப்பக்கம் அலை அடித்தது. 1991இல் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டதும் வந்த சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.-காங்கிரஸ் கூட்டணிக்கு 234இல் 225 இடம். அனுதாப அலை என்றார்கள். அதே அ.தி.மு.க.வுக்கு 1996இல் 4 இடம். அதையும் அலை என்றே சொன்னார்கள். நடுவில் இருந்த ஐந்து வருட ஆட்சிக்கு யார் பெயர் வைப்பது? அலை என்று சொன்னவுடன் காரணம் கேட்கிற வேலை நின்றுபோகிறது, என் கோபம் அதில்தான்.

கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா? கடலில் அலை தானாக எழுவதில்லை. காற்று தள்ளுகிறது. அதுவும் உங்கள் கரையில் அடிக்கிற காற்றாக இருக்க வேண்டியதில்லை. இந்தியப் பெருங்கடலின் தெற்குக் கோடியில் எங்கோ ஒரு புயல் புரட்டிப்போட்டால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து சில நாள் கழித்துக் கேரளத்திலும் குமரியிலும் கடல் திடீரென்று ஏறும். இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்று இருக்காது, மழை இருக்காது. அதனால்தான் மீனவர்கள் அதற்குக் கள்ளக்கடல் என்று பேர் வைத்தார்கள், திருடன் மாதிரி சத்தமில்லாமல் வருவதால். 2024 மே மாதம் உங்கள் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. கரையில் நின்று பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

மோகங்களையும் இப்படித்தான் பார்க்கிறேன். காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று தேட வேண்டும். 1995 செப்டம்பர் 21 ஞாபகம் இருக்கிறதா? பிள்ளையார் பால் குடித்த நாள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊர் ஊராகச் செய்தி பறந்தது, டம்ளரும் கரண்டியுமாகக் கோவில் வாசலில் வரிசை. பரப்பு இழுவிசையில் பால் கல்லின் மேல் படர்ந்து கீழே வழிகிறது என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். அதை யாரும் விற்கவில்லை, அன்று நாலு லிட்டர் கூடுதலாக ஊற்றிய பால்காரரைத் தவிர. ஆகவே ஓரிரு நாளில் ஓய்ந்தது. ஈமு கோழி அப்படியா? கொங்கு நாட்டில் அது வருஷக்கணக்கில் நின்றது. குஞ்சு கொடுப்போம், கொட்டகை போட்டுத் தருவோம், மாதம் பிறந்தால் பணம் என்று பத்திரிகையிலும் டிவியிலும் விடாமல் ஊதினார்கள். 2012இல் ஊதுவது நின்றது, பண்ணைகள் படுத்தன, பணம் போட்டவர்கள் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தார்கள், பட்டினி கிடந்த பறவைகளுக்குத் தீனி போடுகிற வேலை அரசு அதிகாரிகள் தலையில் விழுந்தது. அங்கேயும் 'ஈமு அலை' என்றுதான் எழுதினோம். நாங்களும் சேர்த்துத்தான், பத்திரிகைக்காரர்கள் எல்லோரும்.

உங்கள் பெண்ணின் பொம்மைக்கு வருகிறேன். லபுபுவை ஹாங்காங்கில் பிறந்த ஓவியர் காசிங் லங் 2015இல் தன் கதைப் புத்தகங்களுக்காக வரைந்தார். பல்லைக் காட்டிச் சிரிக்கிற குட்டிப் பிசாசு, நன்றாகவே இருக்கிறது, குழந்தைக்குப் பிடித்ததில் ஒரு தப்பும் இல்லை. ஒன்பது வருஷம் கழித்துத் தாய்லாந்துப் பாடகி லிசா தன் பையில் ஒன்றை மாட்டிக்கொண்ட பிறகுதான் உலகம் முழுக்க வெறி பிடித்தது. காற்றின் இன்னொரு பாதி விற்கிற முறையில் இருக்கிறது. மூடிய பெட்டியில் விற்கிறார்கள், உள்ளே எந்த நிறம் என்று பிரிக்கும்வரை தெரியாது. வேண்டியது வரவில்லையா, இன்னொரு பெட்டி. திருவிழாக் கடையில் நம்பர் கிழிக்கிற அட்டை வைத்திருப்பார்களே, அதேதான், விலைதான் வேறு.

அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது என்று பழமொழியே இருக்கிறது. ஆகவே காத்திருக்கச் சொல்லுகிற உங்கள் கணவரோடு எனக்கு உடன்பாடில்லை. இது ஓய்ந்தால் அடுத்தது வரும், அதற்குள் அவள் எட்டாம் வகுப்புக்குப் போய்விடுவாள். வசதி இருந்தால் ஒன்று வாங்கிக் கொடுங்கள். மூடிய பெட்டி வேண்டாம், எந்தப் பொம்மை என்று கண்ணால் பார்த்து வாங்குகிற மாதிரி விற்பவரிடம் வாங்குங்கள், அவளே பார்த்து எடுக்கட்டும். பெட்டிக் கணக்கை அவளிடமே விளக்குங்கள், ஏழாம் வகுப்புக் கணக்கில் நிகழ்தகவு வராவிட்டாலும் பன்னிரண்டு வயதுக்கு அது புரியும். அப்புறம் பொம்மைக்கு அவள் என்ன பேர் வைத்தாள் என்று ஒரு கார்டு போடச் சொல்லுங்கள்.