சோபா காலைக் கடிக்கும் குட்டி

கேள்வி: எங்கள் 4 மாத லாப்ரடார் குட்டி சோபா கால், கதவு நிலை எதையும் விடுவதில்லை. மிளகாய்த்தூள் தடவலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், கண்ணில் பட்டால் துடித்துப்போகும். 28 பால் பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்கும் பருவம் இது. ஈறு வலிக்கும், அரிக்கும். ஏழாம் மாதவாக்கில் அடங்கும். பருத்தித் துண்டை நனைத்து முறுக்கி, முடிச்சுப் போட்டு, 2 மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். பக்கத்திலேயே இருங்கள். நூல் பிரிந்தால் வாங்கிவிடுங்கள். விழுங்கினால் குடல் அடைக்கும். வேகவைத்த எலும்பும் ஆகாது, சிம்பு சிம்பாக உடையும்.

சோபாவைக் கடிக்கும்போது கத்தினால் அதற்கு அது விளையாட்டு! சத்தமில்லாமல் துண்டை நீட்டுங்கள். அதைக் கவ்வியதும் பாராட்டுங்கள். ஆளில்லாத நேரத்தில் தடுப்புக்குள் விடுங்கள். கடிக்காமலிருக்க சோபாவில் அடிக்கும் கசப்பு ஸ்ப்ரேயை மட்டும் நம்ப முடியாது, சில குட்டிகள் அதையும் நக்கிவிடும். பால் கோரைப்பல் விழாமலே பக்கத்தில் புதுப்பல் முளைத்தால், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.