மழை வந்தால் கிணறு நாறுவது ஏன்?

கேள்வி: நாங்கள் இருப்பது கடலோரத்தில், எண்பது வீடுகள் உள்ள குடியிருப்பு. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்கும் உறிஞ்சு குழியும் உண்டு. கோடையில் தொந்தரவில்லை, மழை வந்தால் கிணற்று நீர் நாறுகிறது. டேங்கைப் பெரிதாக்கினால் சரியாகுமா? இல்லை, பொதுவாக ஒரு சுத்திகரிப்பு நிலையம் கேட்கலாமா?

பதில்: டேங்கைப் பெரிதாக்கிப் பயனில்லை அம்மா. டேங்க் பாதி வேலையைத்தான் செய்கிறது. கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப்பசை மேலே மிதக்கும், நடுவிலுள்ள கலங்கல் நீர் கிருமிகளோடு வெளியே போகும். அந்தக் கிருமிகளைப் பிடித்து மடியச் செய்வது குழிக்குக் கீழே இருக்கும் காய்ந்த மண். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே ஒரு மீட்டராவது அப்படி மண் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். உங்கள் மணலில் மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறிக் குழியையே தொட்டுவிடுகிறது. அப்புறம் குழியில் இருப்பதும் கிணற்றில் இருப்பதும் ஒரே தண்ணீர்தான்.

அந்தக் கிணற்று நீரைக் குடிக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கழிவிலிருந்து வரும் நைட்ரேட் என்ற உப்பு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அதைத் தாண்டிய நைட்ரேட் ரத்தத்தில் ஆக்சிஜன் ஓட்டத்தையே கெடுக்கும். உடனே பரிசோதனைக்குக் கொடுங்கள்.

பொது நிலையம் கேளுங்கள். ஆனால் குழாயைப் பற்றி அதிகம் கேளுங்கள். நிலத்தடி நீருக்குள் பதித்த குழாயின் இணைப்பு வழியே உப்புநீர் உள்ளே கசியும். உப்பு திடீரென ஏறி இறங்கினால் கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகள் சோர்ந்துவிடும். கடல்நீரின் சல்பேட் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடாகி, கான்கிரீட்டின் மேற்புறத்தில் கந்தக அமிலமாகி அதை அரிக்கும். மேன்ஹோலின் மேல்விளிம்பு என் விரல் பட்டு மாவாக உதிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அளவு ஊருக்கு நான் சொல்வது: கசியாத டேங்குகள் வீட்டிலேயே இருக்கட்டும். தெளிந்த நீரை மட்டும், ஆழமில்லாமல் பதித்த, உருக்கி ஒட்டிய சிறிய பிளாஸ்டிக் குழாயில் கொண்டுபோய், அடியில் நீர் கசியாத, மேடாக்கிய நாணல் படுகையில் (நாணல் வளர்த்து நீரைச் சுத்தமாக்கும் பாத்தி) விடுங்கள். ஆளுக்கு 2 முதல் 5 சதுர மீட்டர் இடம் வேண்டியிருக்கும். நீரை அங்கே ஏற்றும் பம்பை யார் பார்த்துக்கொள்வார் என்பதை மட்டும் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். மழைக்காலத்தில் டேங்கை முழுதாகக் காலி செய்யாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்படிக் காலியான பிளாஸ்டிக் டேங்க் ஒன்று மறுநாள் காலையில் நிலத்தடி நீர் தள்ளி மண்ணைப் பிளந்து மிதந்து மேலே வந்து நின்றது. கசடு எடுக்க யாரையும் உள்ளே இறக்கவும் கூடாது. அந்த அழுகிய முட்டை வாயு ஆளைக் கொல்லும்; அது கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. குழாய் விட்டு லாரியில் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள்.