அந்தத் தாளை அவர் எதற்காக வைத்திருக்கிறார்?

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): என் மாமனாரிடம் 21 ஜூலை 1969 தேதியிட்ட நாளிதழ் ஒன்று இருக்கிறது. விடுமுறை நாட்களில் என் கணவரும் பிள்ளைகளும் அதை எடுத்து, ஒரு தலைப்பைப் படித்துவிட்டு, 'அதற்குப் பிறகு என்ன ஆயிற்று' என்று ஆளுக்கொரு கதை கட்டிச் சிரிப்பார்கள். 80 வயதைத் தாண்டிய மாமனார் பக்கத்தில்தான் இருப்பார். சிரிக்கவும் மாட்டார், வேண்டாம் என்று தடுக்கவும் மாட்டார். தாள் எப்போதும் ஏழாம் பக்கம் வெளியே தெரியும்படி மடிந்திருப்பதால், ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்துக்கு மாற்றி மடிக்க வேண்டியிருக்கிறது. மடிப்பில் கிழியவும் தொடங்கிவிட்டது. இந்த விளையாட்டு மரியாதைக் குறைவா? நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: கிழிசலைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளும்போது போகிற போக்கில் எழுதிய வாக்கியத்தை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மாற்றி மடிக்க வேண்டியிருக்கிறது என்கிறீர்கள். போன முறை நீங்கள் முதல் பக்கத்துக்கு மாற்றி மடித்த தாள், அடுத்த முறை எடுக்கும்போது மீண்டும் ஏழாம் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருப்பது எப்படி? நீங்கள் எல்லோரும் சிரித்து முடித்து எழுந்து போன பிறகு, அந்த வீட்டில் ஒருவர் அதைப் பிரித்துப் பழைய மடிப்புக்கே கொண்டுவந்து உள்ளே வைக்கிறார். அவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மனிதன் நிலவில் இறங்கிய செய்தியைச் சுமந்து வந்த தாள் அது. அந்தத் தேதியிட்ட நாளிதழைப் பத்திரப்படுத்தியவர்களில் பெரும்பாலோர் முதல் பக்கத்துக்காகவே பத்திரப்படுத்தினார்கள். உங்கள் மாமனாரோ நிலவை உள்ளே தள்ளி மடித்து வைத்திருக்கிறார். ஏழாம் பக்கத்தில் என்ன இருக்கிறது, அம்மா? உங்கள் நீண்ட கடிதத்தில் நிலவு இருக்கிறது, சைக்கிள் பந்தயம் இருக்கிறது, பிள்ளைகள் கட்டிய கதைகள் ஒவ்வொன்றும் இருக்கின்றன. ஏழாம் பக்கத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. நீங்கள் யாரும் அதைப் படிக்கவே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

விளையாட்டில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நிலவில் உடல் எடை ஆறில் ஒரு பங்காகக் குறையும் என்பதால், இளைக்க விரும்பியவர்கள் எல்லோரும் அங்கே குடியேறிவிட, பூமியில் எடைபார்க்கும் இயந்திரம் விற்றவர்கள் பிழைப்பின்றித் தவித்தார்கள் என்று உங்கள் மகள் கட்டிய கதையைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவரை ஏறக்குறைய 18 நிமிடம் முந்திய எடி மெர்க்ஸ், நிறுத்தத் தெரியாமல் மிதித்துக்கொண்டே போய் ஆர்ம்ஸ்ட்ராங்குக்குப் பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்தார் என்று மகன் சொன்னதும் அருமை. அந்தப் பந்தயத்தை மெர்க்ஸ் முதன்முதலாக வென்ற ஆண்டு அது. பிறகு இன்னும் நான்கு முறை வென்றார் என்பதை அவனிடம் சொல்லுங்கள். நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த ரஷ்யாவின் ஆளில்லா விண்கலம் லூனா 15, பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க வந்தது என்கிறார் உங்கள் கணவர். அந்த நாளிதழ் வெளியான அன்றே, அமெரிக்க வீரர்கள் இருவரும் இன்னும் நிலவில் இருக்கும்போதே, லூனா 15 நிலவின் தரையில் மோதி நொறுங்கியது.

ஒரு தலைப்பை மட்டும் ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஹோண்டுராஸுக்கும் எல் சால்வடாருக்கும் இடையே போர் நின்ற செய்தியைப் படித்துவிட்டு, கடைசியில் பந்து யாரிடம் போயிற்று என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டங்களை ஒட்டி வெடித்ததால் கால்பந்துப் போர் என்று உலகப் பத்திரிகைகள் அதற்குப் பெயர் வைத்தனவே தவிர, அது நிலத்துக்காகவும், ஹோண்டுராஸில் குடியேறியிருந்த சால்வடார் உழவர்கள் விரட்டப்பட்டதற்காகவும் மூண்ட போர். நான்கே நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். எந்தக் குடும்பத்தில் யார் போனார்கள் என்பது தலைப்பில் இராது. தலைப்பு ஊருக்காக எழுதப்படுவது. ஒரு வீட்டுக்கு வேண்டிய செய்தி உள்பக்கத்துப் பொடி எழுத்தில்தான் வரும். தேர்வு முடிவின் எண்களோ, வேலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரமோ, இரங்கல் அறிவிப்போ, எதுவாகவும் இருக்கலாம். நான் ஊகிக்க விரும்பவில்லை, நீங்களும் ஊகிக்காதீர்கள். சொல்ல வேண்டியவர் அடுத்த அறையில் இருக்கிறார்.

உங்களைவிட உங்கள் கணவர்மீதுதான் எனக்குக் கோபம். நிலவுக்குப் போனவர்களுக்கு அதன்பின் என்ன ஆயிற்று என்று இத்தனை கதை கட்டத் தெரிந்த மனிதருக்கு, 1969இல் இளைஞராக இருந்த தன் தகப்பனாருக்கு அதன்பின் என்ன ஆயிற்று என்று ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லை. பெற்றவருக்கு உணவும் மருந்தும் வேளை தவறாமல் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைக்கும் பிள்ளைகளின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. அதில் பாதிக் கடமைதான் தீர்ந்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அவர் என்னவாக இருந்தார் என்பதைத் தெரிந்துகொள்வது மீதிப் பாதி. அதை மருமகள்மீது சுமத்த முடியாது, பேரப்பிள்ளைகளிடம் தள்ளிவிடவும் முடியாது.

அந்த வாரத்துச் செய்தி ஒன்றையே உங்கள் கணவருக்குச் சொல்கிறேன். காற்றில்லாத வெளியில் ராக்கெட் இயங்கும் என்று நம்பிய அமெரிக்க ராக்கெட் விஞ்ஞானி ராபர்ட் கோடார்டைப் பள்ளிப் பாடம்கூடத் தெரியாதவர் என்று 1920 ஜனவரியில் எள்ளி எழுதிய நியூயார்க் டைம்ஸ், அந்த நிலவுப் பயணத்தின் விண்கலமான அப்பல்லோ 11 புறப்பட்ட மறுநாளான 1969 ஜூலை 17 அன்று அந்தத் தவறுக்கு வருத்தம் தெரிவித்தது. அதைப் படிக்கக் கோடார்ட் இல்லை, 1945இலேயே இறந்துவிட்டார். உங்கள் மாமனாருக்கு 80 வயது தாண்டிவிட்டது என்று எழுதியது நீங்கள்தான்.

ஆகவே இந்த வாரமே, விடுமுறை வரட்டும் என்று காத்திராமல், கணவர் தனியாகப் போய்த் தகப்பனாருக்குப் பக்கத்தில் உட்காரட்டும். பிள்ளைகள் வேண்டாம், கைப்பேசி வேண்டாம். தாளை அவர் மடித்து வைத்தபடியே அவர் கையில் கொடுத்து, "அப்பா, இந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசும் வரை வாயை மூடிக்கொண்டிருக்கட்டும். சொல்ல விருப்பமில்லை என்று அவர் சொன்னால் வற்புறுத்த வேண்டாம். அவருக்குத் தெரியாமல் அந்தப் பக்கத்தைத் துருவவும் வேண்டாம். சொன்னால், சொன்னபடியே எழுதி வையுங்கள்.

இனி அந்த மூலத் தாளைப் பிள்ளைகள் தொடக்கூடாது. செய்தித்தாளை மரக்கூழில் செய்கிறார்கள். அதில் எஞ்சியிருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் படப்பட மஞ்சளித்துத் தாளை நொறுங்கவைக்கும், முதலில் விட்டுப்போவது மடிப்புதான். கிழிந்த இடத்தில் ஒட்டும் நாடா ஒட்டாதீர்கள், லேமினேட் செய்துவிடவும் செய்யாதீர்கள். அமிலமில்லாத காகித உறையில், வெளிச்சமும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். ஆட்டத்துக்கு எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம், ஏழாம் பக்கத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை மாமனாரிடம் கேட்டுக்கொண்டு.