அரச வீட்டுப் பிள்ளை எழுதிய வரலாறு – கடிதம்

அண்ணாச்சி, வணக்கம்.

இன்கா கர்சிலாசோ பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். இன்கா அரச குலத்துத் தாய்க்கும் ஸ்பானியப் படைத்தலைவருக்கும் பெருவில் பிறந்து, ஸ்பெயினில் இருந்துகொண்டு தாய்வழிக் குலத்தின் வரலாற்றை எழுதியவர் என்கிறீர்கள். அரச வீட்டுப் பிள்ளை பாட்டன் பூட்டனைப் பற்றி எழுதினால் அது வரலாறா, புகழ்மாலையா? நம்ம பக்கத்து ஜமீன் வம்ச வரலாறுகளைப் படித்தவன் என்பதால் கேட்கிறேன். இன்னொன்று, அவர் ஏன் ஊர் திரும்பவே இல்லை?

ஒரு வாசகர், ஓட்டப்பிடாரம்

தம்பிக்கு,

புகழ்மாலைதான், சந்தேகமே வேண்டாம். இன்காக்களுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்களை எல்லாம் காட்டுமிராண்டிகள் என்று தள்ளிவிடுகிறார். இன்காக்கள் நரபலி கொடுத்ததே இல்லை என்று சாதிக்கிறார். 1999-இல் யுயையாக்கோ மலையுச்சியில் அவர்கள் பலி கொடுத்த மூன்று பிள்ளைகளின் உடல்கள் கெடாமல் கிடைத்தன. ஸ்பானியர்கள் வந்தபோது ஆண்ட இன்கா அரசன் அத்தாவல்பாவை அரக்கனாகவே காட்டுகிறார். அம்மா வழிச் சொந்தங்களைக் கொன்று குவித்தது அத்தாவல்பாவின் ஆட்கள், கோபம் இருக்கத்தானே செய்யும்.

ஆனால் அவர் வரலாறு பக்கம் வந்த கதையைக் கேளுங்கள். 1539-இல் குஸ்கோவில் பிறந்தவர், அப்பா இறந்தபின் 1560-இல் ஸ்பெயினுக்குப் புறப்பட்டார். அப்பாவின் சேவைக்கு மானியம் கேட்டு மத்ரித்தில் மனுப் போட்டார். 1547-இல் உவாரினா சண்டையில், ஸ்பானிய அரசரை எதிர்த்த கலகக்காரன் கொன்சாலோ பிசாரோவுக்குத் தன் குதிரையைக் கொடுத்துக் காப்பாற்றியவர்தானே உன் அப்பா என்று கேட்டார் அதிகாரி. அது பொய் என்றார் இவர். வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள், நீ மறுக்கிறாயா என்றார் அவர். ஒன்றும் கிடைக்கவில்லை. கோமரா எழுதிய வரலாற்றின் தன் பிரதியில், அந்தக் குதிரைக் கதைக்குப் பக்கத்தில், இந்தப் பொய் என் சோற்றைப் பறித்தது என்று ஓரக்குறிப்பு எழுதிவைத்தார் மனுஷன்.

அச்சில் ஏறிய ஒரு வரி என்ன செய்யும் என்று பட்டுத் தெரிந்தவர். அதனால்தானோ என்னவோ, இதை யார் சொன்னார்கள், எங்கே பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டே போகிறார். 1609-இல் லிஸ்பனில் அச்சான அவருடைய இன்கா வரலாற்றின் முதல் பாகத்தில் அம்மாவின் மாமா சொன்ன கதைகள் வருகின்றன. முடிச்சுக் கயிறுகளில் கணக்கு வைக்கும் ஊர்த்தலைவர்கள் ஸ்பானியர்களின் எழுத்தை நம்பாமல், இரண்டையும் ஒத்துப் பார்த்துச் சொல்ல இந்தப் பையனைத்தான் கூப்பிட்டார்களாம். ஸ்பெயினுக்குக் கிளம்பும் முன் ஓர் அதிகாரி வீட்டில் பழைய அரசர்களின் பதப்படுத்திய உடல்களைப் பார்த்தார். வைனா காப்பாக்கின் விரலைத் தொட்டால் மரச்சிலை மாதிரி விறைப்பாக இருந்ததாம். இதையெல்லாம் வேறு யார் எழுதியிருக்க முடியும்?

ஜமீன் வரலாறு என்றீர்கள். எட்டயபுரத்தின் 'வம்சமணி தீபிகை' 1879-இல் வந்தது. அதை நல்ல தமிழில் திருத்தித் தருகிறேன் என்று 1919-இல் பாரதி ஜமீன்தாருக்குக் கடிதம் போட்டார் (கைச்செலவுக்கே பாடாக இருந்த காலம்). உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பாஞ்சாலங்குறிச்சிக்கு என்ன இருக்கிறது? 1799-இல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள், 1801-இல் ஊமைத்துரையை. கோட்டையை இடித்தாயிற்று. அப்புறம் புத்தகமாக எழுதியவர்கள் எதிர்த்துச் சண்டையிட்ட ஆங்கிலேயப் படை அதிகாரி வெல்ஷும், 1881-இல் கால்டுவெல் பாதிரியாரும். நம்ம பக்கம் கும்மியும் கதைப்பாட்டும்தான். ஆங்கிலமும் படித்துவிட்டு, 'எங்க பெரியப்பா சொன்னார், நான் பார்த்தேன்' என்று அந்த வீட்டுப் பிள்ளை ஒருவர் அந்தத் தலைமுறையிலேயே உட்கார்ந்து எழுதியிருந்தால், முழுக்கப் புகழ்மாலையாக இருந்தாலும் நான் சந்தோஷமாக வாசித்திருப்பேன்.

ஊர் திரும்பாதது பற்றி. 1563-இல் அனுமதி வாங்கினார், ஆனால் கப்பல் ஏறவில்லை. 1571-இல் அம்மா இறந்தார். அடுத்த வருஷம் வைஸ்ராய் தொலேதோ கடைசி இன்கா அரசர் தூபாக் அமாருவைக் குஸ்கோவில் வெட்டிக் கொன்றார். குலத்து ஆண்களை லிமாவுக்கு விரட்டினார்கள், பெரும்பாலோர் அங்கேயே செத்தார்கள் என்று கர்சிலாசோவே எழுதுகிறார். அப்புறம் போய் யார் வீட்டில் இறங்குவார்? 1616-இல் கொர்தோபாவிலேயே இறந்துபோனார்.

வாசிக்க ஆரம்பித்தால் அதே காலத்து ஸ்பானிய வரலாற்றாசிரியர் சியேசா தெ லெயோன் இன்காக்களைப் பற்றி எழுதியதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நரபலி பற்றிய இடம் வரும்போது தேவைப்படும்.