ஆங்கிலத்தில் கமா, செமிகோலன் எல்லாம் எங்கே வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கமா எங்கே போடுவது, செமிகோலன் (;) எதற்கு, மற்ற குறிகள் மேற்கோள் குறிக்கு உள்ளேயா வெளியேயா என்று மூன்றையும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்வி புரிந்தால் மற்ற இரண்டும் எளிது. அதனால் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

‘மூச்சு விடும் இடத்தில் கமா போடு’ என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள். அதை முதலில் விட்டுவிடுங்கள். ஒரு காலத்தில் அது சரியான அறிவுரைதான். கிறிஸ்துவுக்கு இரண்டு நூற்றாண்டுகள் முன்பு அலெக்சாந்திரியா நூலகத்தில் இருந்த அரிஸ்டோஃபனிஸ் என்ற அறிஞர், கிரேக்க நூல்களில் மூன்று உயரங்களில் புள்ளி வைக்கும் முறையை உண்டாக்கினார். வாய்விட்டு வாசிப்பவர் எங்கே எவ்வளவு நிறுத்த வேண்டும் என்று அவை காட்டின. அச்சு வந்து, மனதுக்குள் வாசிப்பது பழகிய பிறகு குறிகளின் வேலை மாறிவிட்டது. வாக்கியத்தில் எது எதோடு சேர்கிறது என்று காட்டுவதுதான் இன்று அவற்றின் முதல் வேலை.

தமிழில் இந்த வேலையைச் சொல்லே செய்துவிடும். ‘அவனும் அவளும் வருவார்களா என்று கேட்டாள்’ என்பதில் ‘உம்’ இருவரையும் சேர்க்கிறது, ‘ஆ’ கேள்வியாக்குகிறது, ‘என்று’ வந்ததும் கேட்ட பேச்சு அங்கே முடிந்தது என்று தெரிந்துவிடுகிறது. குறி ஒன்றுகூட இல்லாத ஓலைச்சுவடியைப் படிக்க முடிந்ததற்கு இதுவும் துணை. ஆங்கிலத்தில் இப்படி ஒட்டிக்கொள்ளும் உருபுகள் மிகக் குறைவு. அங்கே கமாவும் இலக்கணத்தைச் சுமக்கிறது. தமிழ் பழகிய நம் கண்ணுக்கு அது வெறும் அலங்காரமாகப் படுவதால்தான் இத்தனை குழப்பம்.

ஓர் எடுத்துக்காட்டு. ‘ஸ்டூடண்ட்ஸ் ஹூ டிட் நாட் ஸ்டடி ஃபெயில்ட்’ என்று கமா இல்லாமல் எழுதினால், படிக்காத மாணவர்கள் மட்டும் தோற்றார்கள், படித்தவர்கள் தப்பித்தார்கள். ‘ஸ்டூடண்ட்ஸ்’ என்பதற்குப் பின்னாலும் ‘ஸ்டடி’ என்பதற்குப் பின்னாலும் கமா போட்டுவிட்டால், மாணவர்கள் எல்லாருமே தோற்றார்கள், அவர்கள் யாருமே படிக்கவில்லை என்று பொருள் வந்துவிடும். தமிழில் ‘படிக்காத மாணவர்கள்’ என்ற பெயரெச்சம் இரண்டுக்கும் பொதுவாக நிற்கும். சூழலை வைத்துப் புரிந்துகொள்வோம். ஆங்கிலம் எழுதும்போது அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு கமாவுக்கு நடுவில் இருப்பதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். சொல்ல வந்த செய்தி மாறாமல் இருந்தால் இரண்டு கமாவும் இருக்கட்டும். மாறினால் இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் வைப்பதுதான் நான் அதிகமாகப் பார்க்கும் பிழை. எழுவாய் நீளமாக இருந்தால் மூச்சு வாங்கி, வினைச்சொல்லுக்கு முன்னால் ஒற்றைக் கமாவைப் போட்டுவிடுகிறார்கள். எழுவாய் எத்தனை நீளமாக இருந்தாலும் அந்த இடத்தில் ஒற்றைக் கமா வரக்கூடாது.

பட்டியலில் கடைசி ‘அண்ட்’ அல்லது ‘ஆர்’ என்பதற்கு முன்னால் வரும் கமாவை ஆக்ஸ்ஃபோர்ட் கமா என்பார்கள். பெரும்பாலும் அது வழக்கத்தைப் பொறுத்தது. ஆனால் அது இல்லாததால் ஒரு வழக்கே நடந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் எந்தெந்த வேலைக்கு மிகைநேர ஊதியம் கிடையாது என்று சொல்லும் சட்டப் பட்டியல், ‘அனுப்புவதற்குப் பொதி செய்தல் அல்லது விநியோகித்தல்’ என்ற பொருளில் கமா இல்லாமல் முடிந்தது. விநியோகித்தல் தனி வேலையா, விநியோகத்துக்காகவும் பொதி செய்வதையே அது குறிக்கிறதா? மிகைநேர ஊதியம் கேட்டு வழக்குப் போட்ட ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் பாலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள், பொதி செய்பவர்கள் அல்லர். சட்டம் தெளிவாக இல்லை என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. தீர்ப்புக்குப் பிறகு சட்டத்தைத் திருத்தியபோது அந்தப் பட்டியலைச் செமிகோலன்களால் பிரித்தார்கள். குழப்பத்துக்கு இடம் இருக்கும் என்று தோன்றினால் அந்தக் கமாவைப் போட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

செமிகோலனை 1490களில் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸின் அச்சகம் அச்சுக்குக் கொண்டுவந்தது. தனித்தனியே நிற்கக்கூடிய இரண்டு முழு வாக்கியங்களை நெருக்கமாக வைக்க அது உதவும். ‘மழை பெய்தது, நான் போகவில்லை’ என்று தமிழில் தாராளமாக எழுதலாம். அதையே ஆங்கிலத்தில் கமாவை மட்டும் வைத்து ஒட்டினால் பிழை. முற்றுப்புள்ளி வையுங்கள், அல்லது கமாவோடு ‘ஸோ’ சேருங்கள், அல்லது செமிகோலன் போடுங்கள். ‘ஹவ்எவர்’ இணைப்புச்சொல் போலத் தோன்றினாலும் இரண்டு வாக்கியங்களைப் பிணைக்கும் உரிமை அதற்கு இல்லை. அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ செமிகோலனோ, பின்னால் கமா.

நீங்கள் கேட்காத அப்பாஸ்ட்ரஃபி (எழுத்துக்கு மேலே ஒட்டி வரும் சிறு குறி) பற்றியும் ஒரு வரி: ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்று விரித்துப் படிக்க முடிந்தால்தான் ‘இட்ஸ்’ என்பதில் அது வரும். ‘அதனுடைய’ என்ற பொருளில் வராது, சாதாரணப் பன்மைக்கும் வராது.

மேற்கோள் குறி விஷயத்தில் இரண்டு மரபுகள் உண்டு. அமெரிக்கர்கள் கமாவையும் முற்றுப்புள்ளியையும் எப்போதும் மூடும் குறிக்கு உள்ளே வைப்பார்கள். பிரிட்டிஷ் முறையில், அந்தக் குறி மேற்கோளுக்கே சொந்தமானால் உள்ளே, உங்கள் வாக்கியத்துக்குச் சொந்தமானால் வெளியே. கேள்விக்குறிக்கும் ஆச்சரியக்குறிக்கும் இரு மரபிலும் இந்த இரண்டாவது விதிதான். நீங்கள் எழுதி அனுப்பும் இடம் எதைக் கேட்கிறதோ அதையே கடைசி வரி வரை பின்பற்றுங்கள்.